பினாயில், பிளீச்சிங் பவுடர், சவர் தண்ணீர்: ராமநாதபுரம் கரையோர வீடுகளின் கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலை ஒட்டிய வீடுகளில் கிருமிநாசினி பற்றிக் கேட்கிற கேள்விகள் மற்ற ஊர்க் கேள்விகள் மாதிரி இருப்பதில்லை. நம் போர்வெல்லில் ஏறுவது உப்புக் கலந்த சவர் தண்ணீர். நம் கொல்லையில் விழுவது மீன் செதிலும் ரத்தமும். பாட்டில் மேல் அச்சடித்திருக்கும் குறிப்பு இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. அதனால் அந்தக் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி, தெளிவாகத் தெரிந்த பதில்களைத் தருகிறேன்.

போர் தண்ணீரில் பினாயில் ஊற்றினால் பால் போல வெளுக்காமல் எண்ணெய்யாக மிதக்கிறது. போலிச் சரக்கா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கருப்பு பினாயில் என்பது நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த எண்ணெயைச் சோப்பின் துணையோடு கரைத்து வைத்த திரவம். நல்ல தண்ணீரில் ஊற்றும்போது அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து பரவுகிறது. பால் நிறம் வருவது அதனால்தான். துளிகளைப் பிரித்துப் பிடித்து வைத்திருப்பது சோப்பு. சவர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு திரித்துவிடும். உப்பும் தன் பங்குக்குக் கலைக்கும். துணி துவைக்கும் சோப்பு அந்தத் தண்ணீரில் நுரைக்காததற்கும் இதே காரணம்தான்.

சோதிப்பது எளிது. ஒரு டம்ளரில் காவிரிக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சில சொட்டு விடுங்கள். நல்ல தண்ணீரில் வெளுத்து, போர் தண்ணீரில் திரிந்தால் சரக்கில் குறையில்லை. இரண்டிலும் திரிந்தால் அந்தக் கடையில் அடுத்த முறை வாங்காதீர்கள்.

திரிந்த பினாயிலால் துடைப்பதில் பயனில்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. எண்ணெய் ஒரு இடத்தில் திட்டாக நின்று வெறுங்காலில் எரிச்சல் தரும். பக்கத்து இடத்தில் மருந்தே இருக்காது. ஆனால் வாசனை மட்டும் வீடு முழுக்க வரும். நாம் ஏமாறுவது அங்கேதான். துடைக்கிற மருந்தைக் கலக்க மட்டும் அரை வாளி நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தண்ணீர் இழுக்கிற ஊரில் இப்படிச் சொல்வது லேசான காரியமில்லை என்று தெரியும். அரை வாளிகூட முடியாத நாளில் பினாயிலை விட்டுவிட்டு பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கு மாறுங்கள். குளோரின் உப்புக்கு அஞ்சாது.

அப்படியானால் கடலில் போகிற கப்பலில் எதை வைத்துக் கழுவினார்கள்?

அதற்கென்றே ஒரு வகை இருந்தது. சோப்புக்குப் பதிலாகப் பசை, கேசின் போன்ற புரதப் பொருளைக் கொண்டு எண்ணெய்த் துளிகளை நிலைநிறுத்திய வெள்ளைத் திரவம். கடல்நீரிலும் அது திரியாது. இன்று நம் கடைகளில் 'வெள்ளை பினாயில்' என்று கிடைப்பது பெரும்பாலும் அதுவல்ல. பைன் எண்ணெயைச் சோப்பு மாதிரிப் பொருளோடு கலந்தது. அதையும் டம்ளர் சோதனை செய்துவிட்டே வாங்குங்கள்.

பினாயில் எப்போது வந்தது? நம் தாத்தா காலத்துக்கும் முன்பா?

முன்புதான். 1834 இல் ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து கார்பாலிக் அமிலத்தைப் பிரித்தார். நாம் பீனால் என்று சொல்வது அதுதான். முப்பது வருடம் கழித்து, இங்கிலாந்தில் கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தை அடக்க அதை ஊற்றினார்கள். அந்தச் செய்தி கிளாஸ்கோவில் அறுவை மருத்துவராக இருந்த ஜோசப் லிஸ்டர் காதுக்கு எட்டியது. நாற்றமும் அழுகலும் அடங்குகிறதென்றால், காயம் அழுகுவதும் அடங்காதா என்று யோசித்தார். 1865 ஆகஸ்டில் வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்த 11 வயதுப் பையனுக்கு கார்பாலிக் நனைத்த துணி கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயம் என்றால் காலை வெட்டுவார்கள், இல்லாவிட்டால் உயிர் போகும். அந்தப் பையன் நடந்து வீட்டுக்குப் போனான்.

1877 இல் ஜான் ஜேய்ஸ் என்ற ஆங்கிலேயர் தார் எண்ணெயைத் தண்ணீரில் கலக்கும்படிச் செய்து காப்புரிமை வாங்கினார். நம் கருப்பு பினாயில் அதன் வழியில் வந்ததுதான். 1889 இல் ஜெர்மனியில் லைசால் வந்தது. 1892 இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவியபோது அது பெரிய அளவில் பயன்பட்டது. அன்றைய லைசாலில் இருந்தது கிரிசால், பீனாலின் உறவுக்காரன். இன்று அதே பெயரில் தரை துடைக்க நாம் வாங்குவதில் இருப்பது பென்சல்கோனியம் குளோரைடு, முற்றிலும் வேறு பொருள். டெட்டால் 1930களில் வந்தது. அதில் வேலை செய்வது குளோரோசைலினால். பெயரைப் பார்க்காமல் பாட்டிலின் பின்பக்கம் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாட்டிலில் 'ஆர்.டபிள்யூ.சி.' என்று ஒரு எண் இருக்கிறதே, அது அதிகமாக இருந்தால் நல்லதா?

1903 இல் ரீடியல், வாக்கர் என்ற இருவர் வகுத்த அளவு அது. டைபாய்டு கிருமியைக் கொல்வதில் இந்தத் திரவம் வெறும் பீனாலைவிட எத்தனை மடங்கு வலிது என்று சொல்லும். எண் கூடினால் வலிமை கூடும், அவ்வளவு நிஜம். ஆனால் அந்தச் சோதனை அழுக்கில்லாத தண்ணீரில் நடந்தது. 1908 இல் ஹேரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் சார்லஸ் மார்ட்டினும் மலத்தைக் கலந்து வைத்து அதே மாதிரி சோதனை செய்தார்கள். மருந்துகளின் வலிமை குறைந்துபோனது. நம் கொல்லைக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது சோதனைதான்.

மீன் அரியும் இடத்தில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் கவிச்சி போகவில்லை. என்ன ஊற்றலாம்?

இன்னும் ஊற்றாதீர்கள். மீன் ரத்தம், வழவழப்பு, கொழுப்பு எல்லாமே மருந்தைத் தின்றுவிடும். குளோரின் கிருமியைத் தேடிப் போவதில்லை; எதிரே வரும் எல்லாவற்றோடும் சண்டை போட்டுத் தீர்ந்துபோகும். ரத்தத்தின் மேல் ஊற்றிய பிளீச்சிங் கரைசல் ரத்தத்தோடேயே முடிந்துவிடும்.

முதலில் செதிலையும் குடலையும் வாரி எடுங்கள். அப்புறம் சோப்புத் தூளும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். இதற்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், ரத்தம் வெந்து தரையில் ஒட்டிக்கொள்ளும். நன்றாக அலசிய பிறகுதான் மருந்து. சோப்பை அலசாமல் பென்சல்கோனியம் உள்ள திரவத்தை ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும்.

அளவு: கடையில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும் பிளீச் திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. பவுடர் என்றால் லிட்டருக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி. கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாக நிற்கட்டும். ஊற்றிய கையோடு துடைத்துவிட்டால் கிருமிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அரிவாள்மனை, வெட்டுப்பலகை என்றால் கடைசியில் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் பிளீச் படக்கூடாது, இரும்பு துருப்பிடிக்கும்.

இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரில் பிளீச் கலந்தால் செம்பழுப்பாக மாறும். பயப்பட வேண்டாம், இரும்பு வெளியே வருகிறது. ஆனால் குளோரினில் ஒரு பங்கு அதற்கே செலவாகிவிட்டது என்று அர்த்தம்.

பிளீச்சிங் பவுடர் முதலில் துணி வெளுக்கத்தானே வந்தது?

ஆமாம். 1799 இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டெனன்ட் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை பெற்றார். துணி ஆலைகளுக்காக. கிருமியால் நோய் வரும் என்று அப்போது உறுதியாகத் தெரியாது.

அதைச் சுகாதாரத்துக்குக் கொண்டுவந்தது பாரிஸ் மருந்தாளர் லபராக். ஆட்டுக்குடலைப் பதப்படுத்தி இசைக்கருவிகளுக்கு நரம்பு திரிக்கும் பட்டறைகள் அங்கே இருந்தன. நம் கருவாட்டு வாடிகளைவிடப் பல மடங்கு நாற்றம். 1820களில் குளோரின் கரைசலால் அந்த நாற்றத்தை அடக்கிக் காட்டினார். பிறகு மருத்துவமனைகளுக்கும் பிண அறைகளுக்கும் அது போனது.

1847 இல் வியன்னாவில் செம்மெல்வெய்ஸ் என்ற மருத்துவர் செய்ததுதான் என்னை மிகவும் கட்டிப்போடுகிற கதை. பிரசவ வார்டில் தாய்மார்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏப்ரலில் 100க்கு 18 பேர். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதைக் கவனித்தார். சோப்பால் கழுவியும் கையில் பிண வாடை போகவில்லை. வாடை போகும்வரை குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஜூனில் சாவு 100க்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. அவரைச் சக மருத்துவர்கள் நம்பவில்லை. தங்கள் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

பழைய மூட்டைப் பவுடர் வாடையே இல்லை. இன்னும் வேலை செய்யுமா?

செய்யாது. புதிதாக வரும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு குளோரின் இருக்கும். கடற்கரையில் காற்றில் ஈரம் ஏறி நிற்கிறது, வெயிலும் கூட. வாய் திறந்த சாக்கில் வைத்தால் வெறும் சுண்ணாம்பாகிவிடும். சிறிய பொட்டலமாக வாங்கி, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், நிழலில் வையுங்கள். தகர டப்பா வேண்டாம், அரித்துவிடும். கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

திருவிழாவுக்குத் தெரு ஓரத்தில் கோலம் போட்ட மாதிரி பவுடர் தூவுகிறார்களே?

பார்க்கச் சுத்தமாகத் தெரியும். காய்ந்த தூள் மண்மேல் கிடந்து கிருமியைக் கொல்வதில்லை. அந்தப் பவுடரைக் குடிதண்ணீர்த் தொட்டிக்குக் கொடுத்தால் ஊருக்கே பயன்.

கழிவறையில் ஆசிட்டும் பிளீச்சும் சேர்த்து ஊற்றினால் பளிச்சென்று ஆகிறது. தப்பா?

தப்பு, பெரிய தப்பு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நம் கழிவறை நாலடிக்கு நாலடி, ஜன்னல் ஒரு சாண். கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கும் பெண்ணுக்கு ஓடக்கூட இடமில்லை. ஹார்பிக் போன்ற கழிவறைத் திரவங்களிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, ஆகவே 'நான் ஆசிட் ஊற்றவில்லையே' என்று நினைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அமிலம்தான். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், தேங்கிய சிறுநீர் இவற்றோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். பினாயிலோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது. குளோரோபீனால் என்ற நஞ்சு உண்டாகும்.

உப்புத் தண்ணீர்க் கறை போக அமிலம் வேண்டியிருக்கிறது என்பது நிஜம், நம் ஊர்ப் பீங்கானில் ஒரு மாதத்தில் வெள்ளைப் பொருக்கு ஏறிவிடும். அமிலத்தை ஒரு நாள் போடுங்கள், நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிளீச்சை இன்னொரு நாள் போடுங்கள். எப்போதாவது இரண்டும் கலந்து மூக்கு எரிந்தால், கழுவி முடிக்கலாம் என்று நிற்காமல் வெளியே வாருங்கள். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கும்.

மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கிற ஆசிட்டை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாது. 2013 இல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இதே கவலையோடு சேர்ந்ததுதான்.

கடல் தண்ணீரே கிருமிநாசினிதானே? காலில் வெட்டுப்பட்டால் கடலில் நனைத்தால் ஆறிவிடும் என்பார்கள்.

கடல்நீரில் உப்பு ஏறத்தாழ மூன்றரை சதவீதம். கருவாட்டைக் காப்பாற்றுவது அதைவிடப் பல மடங்கு உப்பும் வெயிலில் காய வைப்பதும். கடல் உப்பிலேயே வாழப் பழகிய கிருமிகள் உண்டு. விப்ரியோ என்ற குடும்பம். காலரா கிருமி அதில் ஒன்று. கழிமுகத்திலும் சவர் தண்ணீரிலும் நுண்ணுயிர்கள்மேல் ஒட்டிக்கொண்டு அது சாதாரணமாக வாழும். அதே குடும்பத்தில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று, காயம் வழியே நுழைந்து சதையை வேகமாக அழுக வைக்கும். சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு உயிரே போகலாம். வலை இழுக்கும்போதோ பாசி எடுக்கும்போதோ வெட்டுப்பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சிவந்து, வீங்கி, வலி மணிக்கு மணி கூடினால் அன்றே மருத்துவரிடம் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டெட்டாலைக் கலக்காமல் காயத்தில் ஊற்றாதீர்கள், பினாயிலை எந்தக் காயத்திலும் ஊற்றாதீர்கள்.

மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, சாணம்?

மஞ்சளும் வேம்பும் தரைக் கிருமியைக் கொல்லும் அளவுக்குத் தண்ணீரில் இறங்குவதில்லை. சாணம் தூசியை அடக்கும், கிருமியைக் கொல்லாது. காயம்பட்ட கால், தொப்புள்கொடி அருகே அது வரவே கூடாது, டெட்டனஸ் பயம். சுண்ணாம்பு மட்டும் விதிவிலக்கு. புதிதாக நீற்றிய சுண்ணாம்பின் காரம் நிஜமாகவே கிருமியைக் கொல்லும். பழைய ஆட்கள் வருடா வருடம் வெள்ளையடித்தது வீண் வேலையில்லை.

மண்டபம் கேம்ப் ஒரு காலத்தில் கிருமி நீக்கும் முகாமாக இருந்ததாமே?

தடுப்பு முகாமாக இருந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள் இந்த வழியே போனார்கள். காலரா, பெரியம்மை, பிளேக் தங்கள் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று இலங்கை அரசு மண்டபத்தில் முகாம் நடத்தி, அவர்களைச் சில நாள் நிறுத்திச் சோதித்து, அம்மை குத்தி அனுப்பியது. நீராவி, கார்பாலிக், சுண்ணாம்பு இவைதான் அந்தக் காலத்துத் தடுப்பு முகாம்களின் கருவிகள். காலரா உடம்பில் புகுந்தால் பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும். ஆகவே உண்மையில் காத்தது நிறுத்தி வைத்த அந்த நாட்கள்தான். கையில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக வரிசையில் நின்ற அந்த மக்களை நோயின் மூட்டைகளாகவே பார்த்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதே பார்வைதானே 2020 இல் கொரோனா என்று ஆட்கள் மேல் மருந்து தெளித்தது?

அப்படித்தான் எனக்கும் படுகிறது. அந்த ஏப்ரலில் திருப்பூரில் தொடங்கிப் பல ஊர்களில் மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்தார்கள். அதே மாதமே தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் மத்திய சுகாதார அமைச்சகமும் வேண்டாம் என்றன. நோய் உடம்புக்குள் இருக்கிறது. சட்டைமேல் தெளித்து என்ன ஆகும்? கண்ணும் நுரையீரலும்தான் கெடும். லிஸ்டரே அறுவை அறையில் கார்பாலிக்கைப் புகையாகத் தெளித்துப் பார்த்து, 1890 இல் அது தேவையில்லை என்று வெளிப்படையாகக் கைவிட்டார்.

தரையில் பாதுகாப்பானது மூச்சில் பாதுகாப்பானதல்ல. தென் கொரியாவில் அறைக் காற்றை ஈரமாக்கும் கருவியின் தண்ணீரில் கலக்க ஒரு கிருமிநாசினியை 1994 முதல் விற்றார்கள். அது நுண்துளியாக மூச்சில் போய் நுரையீரல் கெட்டு, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்படப் பல நூறு பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்தது 2011 இல். ஆகவே வீட்டிலும் தெளிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள்.

குடிதண்ணீர்த் தொட்டிக்கு எவ்வளவு பவுடர்?

தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் ஏறத்தாழ இரண்டரை கிராம், அதாவது மட்டமான முக்கால் தேக்கரண்டி. ஒரு குவளையில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியபின் மேல்நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். லேசான குளோரின் வாடை இருந்தால் சரி.

ஊரணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் நேரே போட்டுப் பயனில்லை. தேற்றாங்கொட்டை உரைத்தோ படிகாரம் போட்டோ தெளிய வைத்து வடிகட்டி, பிறகு பவுடர். தேற்றாங்கொட்டை தண்ணீரைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது, இரண்டும் தேவை. கைக்குழந்தைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

2024 நவம்பரில் ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் பெய்த மாதிரி மழையில் தொட்டிக்குள் வெள்ளம் புகுந்தால் அந்த முக்கால் தேக்கரண்டி போதாது. தொட்டியைக் காலி செய்து தேய்த்து, தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பவுடர் கரைசல் சேர்த்து, குழாய்களிலும் அந்த வாடை வரும்வரை திறந்துவிட்டு, ஓர் இரவு வைத்து முழுக்க வெளியேற்றுங்கள். அதைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பினாயில் பட்ட வாளி, துணி எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. துளி பீனால் குளோரினோடு சேர்ந்தாலே தண்ணீர் மருந்து வாடை அடித்துக் குடிக்க முடியாமல் போகும்.

கைக்குழந்தை இருக்கிறது, பூனையும் இருக்கிறது.

தொட்டில், பாய், குழந்தைத் துணி மூன்றிலும் பினாயில் வகை வேண்டாம். 1970களில் அமெரிக்க மருத்துவமனைகளில் பீனால் வகைத் திரவத்தால் தொட்டில் துடைத்தபோது பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடியது. சோப்பும் வெயிலும் போதும். பூனையின் கல்லீரலால் பீனாலை எளிதாகக் கழிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அதற்கு நஞ்சு. காயும்வரை உள்ளே விடாதீர்கள்.

மீனில் பார்மலின் என்கிறார்களே, அதுவும் கிருமிநாசினியா?

ஆமாம், பிணத்தைப் பதப்படுத்துகிற கிருமிநாசினி. புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்த ஒன்று. 2018 ஜூனில் கேரள எல்லைச் சோதனைகளில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. ஐஸுக்கு மாற்று ஐஸ் மட்டும்தான். கருவாட்டில் ஈ மொய்க்காமல் இருக்க வலைதான் போட வேண்டும். பூச்சிமருந்து கூடவே கூடாது.

குழந்தை பினாயிலையோ ஆசிட்டையோ குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், முட்டை, புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும், மூச்சுக்குழாயிலும் போகும். வாயைத் துடைத்து, 108 ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். டில்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி. சவர் தண்ணீர்தான் இருக்கிறது என்றாலும் அதிலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் தேடி நேரம் கடத்தாதீர்கள்.

கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பினாயில் வாங்கி வைக்கிற பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே அப்படி இருப்பதை இன்னொரு பாட்டிலுக்கு மாற்றிக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மேலே பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

மிச்சமான மருந்தைக் கடலில் ஊற்றலாமா?

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள பவளத்தையும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கிறோம். தார் எண்ணெய் மீனுக்கு நேரடி நஞ்சு. செப்டிக் டேங்கில் மொத்தமாகக் கொட்டினாலும் மலத்தை மட்க வைக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்து, டேங்க் சீக்கிரம் நிரம்பும். தேவையான அளவு வாங்கி, பாட்டில் தீர்ந்தபிறகு அடுத்தது வாங்குங்கள். காலாவதியான பிளீச் கரைசல் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அகலமான பிளாஸ்டிக் வாளியில், ஆடு மாடு குழந்தை வராத இடத்தில், ஒரு நாள் வெயிலில் வையுங்கள். குளோரின் பெரும்பாலும் போய்விடும், பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்துக் கழிவறையில் விடலாம்.